குலுங்காத கிடாய்

கற்பூரம் அணைத்துச் சத்தியம். இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொன்னதில்லை.

முனியசாமி கோயில் வாசலில் கிடாய்க்குட்டியின் தலையில் முதல் சொம்பு மஞ்சள் தண்ணீர் விழுந்தது.

கயிற்றைப் பிடித்திருந்த ஆட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

குட்டி உடம்பைக் குலுக்கினால் முனியசாமி உத்தரவு கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். அப்புறம் அரிவாள்தான். குலுக்காவிட்டால் ஒருத்தரும் கை வைக்க முடியாது.

அவர் ஆடு வளர்க்க இறங்கி அதிக நாள் ஆகவில்லை. தொழுவத்தில் ஒரு வெள்ளாடு, ஒரு செம்மறி. வெள்ளாடு சினையாக இருந்தபோதே, முதல் குட்டி கிடாயாகப் பிறந்தால் சாமிக்கு என்று மனைவி செல்லக்கனி நேர்ந்துகொண்டாள்.

குட்டி விழுந்ததும் குனிந்து பார்த்து, கிடாய் என்று தெருவுக்கே அறிவித்தவர் அவர்தான்.

பிறகு அதற்குப் புட்டிப்பால் கொடுத்தார். அதுதான் வினையாயிற்று. அது அவரைத் தவிர வேறு யார் பின்னாலும் போகவில்லை.

கிணற்றடியில் காலையும் மாலையும் அதன் தலையில் தண்ணீர் ஊற்றிப் பழக்கினார். செல்லக்கனி கேட்டதற்கு, ஆடு வளர்ப்பில் சுத்தம் முக்கியம் என்றார்.

இரண்டாவது சொம்பு.

குட்டி அசைபோட்டது.

மூன்றாவது சொம்பைப் பூசாரி அய்யாக்குட்டி காதுக்குள்ளேயே ஊற்றினார். முதுகில் உட்கார்ந்திருந்த ஈ மட்டும் சிறகை உதறிவிட்டுப் பறந்தது.

துணைக்கு ஓட்டி வந்திருந்த செம்மறி உடம்பைக் குலுக்கியது. அதன்மேல் ஒரு சொட்டும் விழவில்லை. சாமி முறை அறிந்தவர். அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

அடுப்பில் சோறு வெந்திருந்தது. மசாலா அரைத்தாயிற்று. தூக்குச்சட்டியோடு வந்திருந்த மைத்துனன் பொறுமை இழந்தான்.

"அத்தான், நீங்க ஆடு வளக்கீயளா, கல்லுச் செல வளக்கீயளா?"

குடத்தையே கவிழ்த்தார்கள்.

பூசாரி குலுங்கினார். வேப்பமரம் குலுங்கியது. காற்றே இல்லை, கோயில் மணி மூன்று தரம் அடித்தது. அந்த வழியாக வந்த டவுன் பஸ் குலுங்கி நின்றது. நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களும் நின்று பார்த்தார்கள்.

குட்டி ஆட்டுக்காரருடைய துண்டின் நுனியைத் தின்றுகொண்டிருந்தது.

வெயில் ஏறி, அதன் முதுகிலேயே மஞ்சள் காய்ந்து உதிர்ந்தது.

செல்லக்கனி அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"சாமிக்கே மனசு இல்ல போலுக்கு. அவுத்து ஓட்டிட்டு வாங்க."

அரைத்த மசாலாவில் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தார்கள். மைத்துனன் மூன்று தரம் சோறு வாங்கினான்.

வீட்டுக்குத் திரும்பும்போது கயிற்றை அவர் பிடிக்கவே இல்லை. குட்டி முன்னால் போயிற்று. வாசலுக்கு வந்ததும் நின்றது. தலை முதல் வால் வரை உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கியது.

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். யாரும் இல்லை. மெல்லப் படலைச் சாத்தினார்.

அன்றிலிருந்து ஊரில் அதற்குத் தனி மரியாதை. முனியசாமியே திருப்பி அனுப்பிய கிடாய் என்று வழிவிட்டு ஒதுங்குவார்கள்.

போன தை மாதம் அது இரண்டு குட்டி போட்டது.