வருகிற வழி

பதினேழாம் அறையில் போனை எடுத்தாயிற்று. திரையில் இணைப்பு பச்சையாக எரிந்தது. என் காதில் மட்டும் ஒரு சத்தமும் இல்லை.

ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்துப் போன்களுக்குப் பழைய இணைய முகவரி, நான்கே எண்கள். புதுக் கட்டடத்துக்குப் புது முகவரி, ரயில் மாதிரி நீளம். இரண்டும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளாது. குரலை இங்கே வாங்கி அங்கே கொடுக்க நடுவில் ஒரு மீடியா பிராக்ஸி. அதற்குப் புத்தி சொல்வதுதான் என் வேலை.

இது முதல் சோதனை. எந்த அறையை வேண்டுமானாலும் அழைத்திருக்கலாம். என் விரல் பதினேழை அழுத்திவிட்டது.

அங்கே தனியாகப் படுத்திருப்பவன் என் அண்ணன்.

மூன்று நாளாக நான் அவனைப் பார்க்கப் போகவில்லை. டாக்டர் சொன்னதை அவனிடம் மூச்சுவிடக் கூடாது என்று அண்ணி என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். எனக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதில் நான் ஒளித்து வைத்த மார்க் ஷீட்டையெல்லாம் என் திருட்டு முழியைப் பார்த்தே கண்டுபிடித்தவன் அவன்.

அவன் குரல் எனக்கு வரவில்லை. என் குரலும் போயிருக்காது. ஊமை லைன்தானே என்ற தைரியத்தில் ரிசீவரை வாயோடு சேர்த்துப் பிடித்தேன்.

"டேய் அண்ணா, ரெண்டே மாசம்தான்னு சொல்லிட்டாங்கடா. உன் மூஞ்சியப் பாத்து நான் எப்படிடா சிரிக்கிறது?"

சொல்லிவிட்டு அழுதேன். மூன்று நாள் அழுகை. நெஞ்சு கொஞ்சம் லேசானது.

போனை வைத்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு பிராக்ஸியின் அமைப்புக் கோப்பைத் திறந்தேன்.

தப்பு உடனே கண்ணில் பட்டது. அங்கிருந்து குரல் வருகிற வழிக்கான வரியை எழுதவே மறந்திருக்கிறேன்.

எழுதினேன். சேமித்தேன்.

அப்புறம்தான் அதற்கு மேலே இருந்த வரியைப் பார்த்தேன். இங்கிருந்து குரல் போகிற வழி. நேற்றே எழுதியது. ஒரு புள்ளி கூடப் பிசகவில்லை.

மறுபடி அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

இந்த முறை அவன் மூச்சு விடுவது கூடக் கேட்டது.

"அப்பவே பதில் சொன்னேனே, உனக்குக் கேக்கலையா வாலு? சரி விடு. இனிமே பொய் சொல்ல வேணாம்ல, வேலைய முடிச்சிட்டு வா."