கூரை உயரம்

புரட்டாசி நடவின்போது மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் கடல் பக்கமிருந்து மேற்கே போகும். வயலில் முழங்கால் உயரத்தில்தான் பறக்கும். வேம்புவின் குடிசை இருந்த இடம் வந்ததும் எல்லாம் கூரை உயரத்துக்கு ஏறி, தாண்டி, மறுபக்கம் இறங்கிப் போகும்.

அங்கே குடிசை இல்லை. கூலி கேட்டு வேலைநிறுத்தம் நடந்த வருஷம் மிராசுதாரின் ஆட்கள் அதைப் பிரித்துப்போட்டு உழுதுவிட்டார்கள். குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்ற சட்டம் அடுத்த வருஷம்தான் வந்தது. இப்போது அந்த இடத்திலும் வேம்புதான் நாற்று நடுகிறாள்.

“இதுங்க அப்பப் பொறக்கக்கூட இல்லையேடி. யாரு சொல்லிக் குடுத்தா?” என்றாள் பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த அம்சவல்லி.

வேம்பு முதுகை நிமிர்த்தினாள். இடுப்பு கழன்றுவிடும்போல் வலித்தது. நாற்றுமுடியைப் போட்டுவிட்டு நடந்தாள். வாசல் இருந்த இடத்தில் பழக்கம்போலத் தலையைக் குனிந்து உள்ளே போனாள். தரை காய்ந்திருந்தது. உட்கார்ந்தாள்.

“வேம்பு, எங்கடி போன?” அம்சவல்லி நாலடி தூரத்தில் நின்று, அவளை நேராகப் பார்த்தபடியே கூப்பிட்டாள்.

“ஒரு ஆள் குறையுதே” என்று வரப்பிலிருந்து மிராசுதாரின் காரியக்காரர் கத்தினார்.

தலைக்கு மேலே பூச்சிகள் போய்க்கொண்டிருந்தன. வேம்பு காலை நீட்டி, சுவரில் சாய்ந்துகொண்டாள்.