எறும்புகள் போட்ட பாதை

சுண்ணாம்புத் தூள் தீர்ந்துவிட்டதால், தோட்டத்துப் பாதைக்குப் பொற்கொடி அரிசிமாவில் நேர்கோடு இழுத்தாள். கணவன் தணிகாசலத்தோடு செம்பருத்திக் கன்றுகளை எடுத்துக்கொண்டு வருவதற்குள் எறும்புகள் மாவைச் சுமந்துகொண்டு கிளம்பிவிட்டன. கோடு அழிந்து, வெள்ளைத் துகள்களின் வரிசையொன்று வளைந்து வளைந்து நகர்ந்துகொண்டிருந்தது.

“ஐயோ, கோடு போச்சே!” என்றான் தணிகாசலம்.

“போகட்டுங்க! இது எவ்வளவு அழகா வளையுது பாருங்க! இதோட ஓரமாவே செடி வைப்போம், கடப்பாரைய எடுங்க!”

வளைவுக்கு வளைவு குழி தோண்டி நட்டுக்கொண்டே போனார்கள். வரிசை மதிலடியில் நுழைந்து மறைந்தது. மதில் எழுப்பிய நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத பக்கத்து வீட்டு மெஹருன்னிசா அந்தப் பக்கமிருந்து கூவினாள்: “பொற்கொடி, இங்கயும் வந்துடுச்சுடி! நான் என்ன செடி வைக்கட்டும்?”