இடுப்புக்கு ஒன்று, முட்டிக்கு ஒன்று

அந்தத் தம்பதி பேசுவது பழைய கார் விற்கும் கடைக்காரருக்குப் பிடிபடவே இல்லை.

"இந்தச் சொகுசு செடானையே எடு. சீட்டு மெத்துனு இருக்கு, உன் இடுப்புக்கு நல்லது," என்று அவளிடம் சொன்னார் கணவர்.

"நீங்க எஸ்யூவி எடுங்க. உயரமான சீட்டு, முட்டிய ரொம்ப மடக்க வேண்டாம்," என்றாள் அவள்.

ஒரு மணி நேரமாக இதே பேச்சு. அவர் செடானின் சீட்டை அவள் உயரத்துக்கு முன்னே இழுத்து வேறு பார்த்தார்.

"ஒருத்தருக்கொருத்தர் இப்படி விட்டுக்கொடுத்தா எப்பங்க முடிவு பண்றது?" என்றார் கடைக்காரர்.

"முடிவாயிடுச்சு. ரெண்டும் வேணும். எங்க பழைய காரை நீங்களே எடுத்துக்குங்க," என்றாள் அவள்.

"ஒரு வீட்டுக்கு எதுக்குங்க ரெண்டு?"

"விலாசத்தைத் தனித்தனியா எழுதிக்குங்க. காலையிலதான் விவாகரத்து ஆச்சு," என்ற அவள், பழைய காரிலிருந்த அவருடைய முட்டித் தைலத்தை எடுத்து எஸ்யூவியில் வைத்தாள்.