எப்போதும் இருநூறு

அவள் கை கழுவப் போன நேரம் பார்த்து, லென்ஸ் அவளுடைய மருந்து பாட்டிலை எடுத்துவிட்டு அச்சு அசலாக அதே மாதிரி இன்னொன்றை வைத்தார். அதில் இருந்தது வெறும் வடிகட்டிய தண்ணீர்.

எதையும் குடைந்து குடைந்து பார்ப்பதால் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு அந்தப் பெயர். கண் சொட்டு மருந்தில் மிதக்கும் துகள்களை லேசர் மெஷினில் அளப்பதுதான் அங்கே வேலை. துகள் பெரிதாக இருந்தால் கண்ணை ரணமாக்கிவிடும்.

புதிதாகச் சேர்ந்தவள் மேல் அவருக்கு ஒரு மாதமாகவே சந்தேகம். அவருக்கு இருநூறு நானோமீட்டர் என்றால் அவளுக்கும் இருநூறு. எந்தச் சரக்கு வந்தாலும் அதே எண். அளக்காமலே தன்னைப் பார்த்து எழுதுகிறாள் என்று பக்கத்து மேஜையில் சொல்லிப் பார்த்தார்; யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் பிரிவுத் தலைவராகப் போகிற லென்ஸ் இதைச் சும்மா விடுவாரா?

அவள் திரும்பி வந்தாள். அளப்பதற்கு முன் மருந்தைத் தண்ணீர்போலத் தெளியும்வரை நீர்க்கச் செய்துவிடுவார்கள். அதனால் பாட்டில் மாறியது அவளுக்குத் தெரியவில்லை.

வழக்கம்போல, மெஷினில் ஊற்றி வைக்க அவருடைய ராசியான கண்ணாடிக் குப்பியைக் கேட்டாள்.

"சோப்பு கீப்பு போட்டுத் தேய்ச்சிராத. சும்மா ஒரு அலசு போதும். கீறல் விழுந்தா என் ராசியே போச்சு."

"தெரியும்ணே. தினம் சொல்றீங்களே."

கொஞ்ச நேரத்தில் தாளை நீட்டினாள். "இருநூறுண்ணே."

லென்ஸ் அந்தத் தாளோடு நேரே தலைமை ஆய்வாளர் அறைக்குப் போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். வெறும் தண்ணீரில் துகள் எங்கிருந்து வரும், இவளை வைத்திருந்தால் யார் கண்ணாவது போகும், இன்றைக்கே அனுப்பிவிடுங்கள் என்றார்.

தலைமை ஆய்வாளர் எழுந்து வந்தார். அளந்துதான் சொன்னேன் மேடம் என்றாள் அவள்.

மேடம் அந்தக் குப்பியில் இருந்ததைக் கொட்டிவிட்டு, தன் கையாலேயே புதுத் தண்ணீர் ஊற்றி மெஷினில் வைத்தார். லென்ஸ் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

திரையில் எண் வந்தது. இருநூறு.

தலைமை ஆய்வாளர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினார். உள்சுவரில் பழைய மருந்து படிந்து, பால் நிறத்தில் மங்கலாக ஒரு படலம்.

"இத்தனை வருஷமா நீங்க அளந்தது மருந்தையா, இந்தக் குப்பியையா?"