மாமு, முட்டி, காலி

தண்டையார்பேட்டை மைதானத்தில் காலை வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் அதிர்வில் தகரக் கொட்டகை கிடுகிடுக்கிறது. கானாவிலிருந்து வந்து இரண்டு சீசனாக இந்த கிளப்புக்கு மிட்ஃபீல்டில் ஆடும் க்வாபெனா, பெஞ்சில் உட்கார்ந்து வலது முட்டியின் துணிக்கட்டை அவிழ்க்கிறான். அந்த வலி அவனுக்கும் அறைத்தோழன் அசோகனுக்கும் மட்டுமே தெரியும். தினமும் எண்ணெய் தேய்த்துவிடுவது அசோகன்தான். தேய்க்கிற சாக்கில் தமிழும் சொல்லித்தந்தான். க்வாபெனாவின் நாக்கில் தங்கியவை மூன்றே சொற்கள்: சினேகிதன் என்றால் மாமு, வலிக்கும் இடம் முட்டி, எண்ணெய் தீர்ந்துபோனால் காலி. இப்போது அதே பெஞ்சில், ஒரு டீ கப்பை இவன் பக்கம் நகர்த்திவிட்டு, அசோகன் கிளப் செயலாளரிடம் போனில் பேசுகிறான். இவனுக்கு எங்கே புரியப்போகிறது என்ற தைரியத்தில் குரலைக்கூடத் தணிக்கவில்லை. "அட்த்த சீசனுக்கு வேற ஆள பாத்துக்க சார். நம்ம மாமுக்கு முட்டி காலி. என் தம்பி கீறான், அதே எடத்துல சோக்கா ஆடுவான்." க்வாபெனாவின் விரல்கள் துணிக்கட்டிலேயே நின்றுவிடுகின்றன. டீயின் மேல் ஆடை படிகிறது. போனை வைத்த அசோகன், எண்ணெய்ப் புட்டியைத் திறந்து, எப்போதும்போல் சிரித்துக்கொண்டே முட்டியை நோக்கிக் கை நீட்டுகிறான். க்வாபெனா காலை இழுத்துக்கொள்கிறான்.

"மாமு காலி," என்கிறான்.