பற்றரி விறைச்சுப் போச்சு

கிளின்ரனின் கை திரும்பவும் ஜாக்கெட்டுக்குள் போனது.

பாலேந்திரன் பார்த்துக்கொண்டேயிருந்தார். ஒஸ்லோவுக்கு வெளியே ஸ்ட்ரோம்மனிலிருந்து வந்த இந்த வீடியோக்காரனை அவருக்கு வந்த நேரம் முதலே பிடிக்கவில்லை. மூக்குச் சிவந்திருந்தது. அடிக்கொரு தரம் நெஞ்சைத் தடவிப் பார்த்தான். உள்ளே சாராயப் போத்தல்தான் என்று அவர் முடிவே கட்டிவிட்டார்.

அவருடைய மகள் கம்சிகாவின் அரங்கேற்றத்துக்கு அழைப்பு வீடியோ எடுக்கிறார்கள். சிநேகிதரின் மகள் போன கோடையில் ஒப்பரா மண்டபத்தின் கூரையில் ஆடி, அந்த வீடியோவை ஒஸ்லோத் தமிழர் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். அதை வெல்ல வேண்டுமென்றால் கம்சிகா பனியில் ஆட வேண்டும், மேலேயிருந்து ட்ரோன் எடுக்க வேண்டும். தாய் வேலைக்குப் போன நேரம் பார்த்து, வெஸ்ட்லியில் தங்கள் அடுக்குமாடிகளுக்குப் பின்னால், மைனஸ் பன்னிரண்டு பாகைக் குளிரில், வெறுங்காலோடு பிள்ளையை இறக்கிவிட்டிருந்தார் மனுசன்.

"உள்ளுக்கை என்ன தம்பி வைச்சிருக்கிறாய்?"

கிளின்ரன் ஒரு கம்பளிக் காலுறையை வெளியே எடுத்தான். அதற்குள் ட்ரோனின் பற்றரிகளும், அவற்றைச் சுற்றி, விறைத்த கைக்குள் வைக்கிற சின்னச் சின்னச் சூட்டுப் பைகளும் இருந்தன.

"குளிரிலை பற்றரி விறைச்சா, பறந்துகொண்டிருக்கேக்கையே ட்ரோன் விழுந்திடும் அண்ணை. சூடாத்தான் வைச்சிருக்க வேணும்."

பாலேந்திரன் ஆளுக்குக் கிட்டப் போய் மூச்சை இழுத்துப் பார்த்தார். இருமல் மிட்டாய் மணந்தது. ஆனாலும் சந்தேகம் போகவில்லை.

ட்ரோன் முதலில் ஆள் உயரத்தில் நின்று சூடேறிவிட்டு மேலே போனது. கம்சிகா ஆடினாள். கொஞ்ச நேரத்தில் கிளின்ரன் அதை இறக்கினான். பற்றரி பாதி இருக்கும்போதே ஏன் இறக்கினாய் என்று பாலேந்திரன் கேட்டார். குளிரில் பாதியை நம்ப முடியாது, சட்டென்று விழுந்துவிடும் என்றான். வேலையைக் கெதியாய் முடித்துக்கொண்டு ஓடப் பார்க்கிறான் என்று அவர் நினைத்தார்.

"அப்பா, கால் விறைக்குது," என்றாள் கம்சிகா.

"இன்னும் ஒருக்காப் பிள்ளை. இந்த முறை வடிவாச் சிரி."

கிளின்ரன் பற்றரியை மாற்றினான். பிறகு, சலங்கை சரிந்துவிட்டது என்று கம்சிகாவிடம் போய்க் குனிந்தான். ஏதோ குசுகுசுத்தான். அவன் கை ஜாக்கெட்டுக்குள் போய், வெளியே வந்து, அவள் கைக்குள் எதையோ வைத்ததைப் பாலேந்திரன் கண்டுவிட்டார். அவள் சட்டென்று கையை மூடிக்கொண்டாள்.

போன் நம்பர் கொடுக்கிறானா? என்ரை பிள்ளைக்கா?

அவர் வாயைத் திறக்குமுன் கிளின்ரன் ரிமோட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினான். "சரிவராது அண்ணை. பற்றரி விறைச்சுப் போச்சு. இனி ஏத்தினா விழுந்திடும்."

பாலேந்திரன் உடனே ஆட்டத்தை நிப்பாட்டினார். ஆனால் கோபத்தையெல்லாம் பற்றரியைச் சாட்டி அவன்மேல் கொட்டினார். இவ்வளவு நேரமும் நெஞ்சுக்குள் வைத்துத் தாலாட்டியும் ஒரு பற்றரியைக் காப்பாற்றத் தெரியாதா, இனி எந்தத் தமிழ் வீட்டு விசேஷத்துக்கும் உன்னைக் கூப்பிட விடமாட்டேன் என்றார். அவன் ட்ரோனைப் பெட்டிக்குள் வைத்தான்.

காருக்குள் ஏறியதும் மகளிடம் திரும்பினார்.

"கையை விரி."

கம்சிகா விரித்தாள். உள்ளங்கையில் இரண்டு சூட்டுப் பைகள் இருந்தன.

"இதுகளைச் சப்பாத்துக்குள்ளை வைக்கச் சொன்னவர்," என்றாள். "பற்றரிக்கு ஒண்டும் இல்லை அப்பா. ரிமோட்டிலை சார்ஜ் நிறையக் காட்டினது, நானும் பார்த்தனான்."

"அப்ப ஏன் அவன் பொய் சொன்னவன்?"

"எனக்கு விறைக்குதெண்டா நீங்கள் விடமாட்டியளாம். பற்றரிக்கு விறைக்குதெண்டா விட்டிடுவியளாம்."